கை கனக்கிறது என்றால் தையல் டேப்பை எடுங்கள்: மார்பக ஆபரேஷனுக்குப் பிறகு வரும் நிணநீர் வீக்கம்

ஓசூரில் வேலை செய்யும் ஒரு தம்பி கேட்டது இது. வீடு பாலக்கோடு பக்கம் கிராமம். அம்மாவுக்கு வயது 54. ஒரு வருடத்துக்கு முன் பெங்களூரில் இடது மார்பில் புற்றுநோய் ஆபரேஷன் செய்து, அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். கீமோ ஊசி, கரண்ட் வைத்தது (கதிர்வீச்சு சிகிச்சை) எல்லாம் முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது, "அந்தக் கையில் எடை தூக்காதீங்க, ஊசி போட விடாதீங்க" என்று மட்டும் சொன்னார்கள். இப்போது ஒரு மாதமாக, பொழுது சாய்ந்தால் கை கனக்கிறது என்கிறார் அம்மா. பார்த்தால் வீக்கம் எதுவும் தெரியவில்லை. பக்கத்து வீட்டில் "யானைக்கால் கையில வருது" என்று பயமுறுத்தியிருக்கிறார்கள். இது என்ன, தடுக்க முடியுமா என்பது கேள்வி.

நான் பிசியோதெரபிஸ்ட். பெங்களூரில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் ஆறு வருடம் இருந்தேன், அப்புறம் பத்து வருடமாகத் தருமபுரியில். என் பதிலின் சாரம் இதுதான், தம்பி: அம்மா கனக்கிறது என்று சொன்னால் கனக்கிறது. கண்ணுக்கு வீக்கம் தெரியவில்லை என்பதால் அதைத் தள்ளிவிடாதீர்கள். இந்த நோயைப் பிடிக்கச் சரியான நேரமே வீக்கம் தெரிவதற்கு முந்தைய நேரம்தான்.

காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும், கையில் புண் வந்தால் அக்குளில் கட்டும். நம் ஊரில் இது தெரியாதவர் இல்லை. அந்த நெறிக்கட்டி புதிதாக முளைப்பது அல்ல. எப்போதும் அங்கே இருக்கும் நிணநீர்க் கணு, கிருமியோடு சண்டை போடும்போது வீங்கிக் கைக்குத் தட்டுப்படுகிறது, அவ்வளவுதான். கை முழுக்கத் திசுக்களில் கசியும் நீரை மெல்லிய குழாய்கள் சேகரித்து, இந்தக் கணுக்கள் வழியாக வடிகட்டி, கழுத்தடியில் ரத்தத்தோடு சேர்க்கின்றன. அந்த நீர்தான் நிணநீர். ரத்தத்துக்கு இதயம் மாதிரி இதற்கென்று ஒரு பம்ப் கிடையாது. குழாய்கள் தாமே மெல்லச் சுருங்கித் தள்ளும். மற்றபடி தசை அசைவதும் மூச்சு இழுப்பதும்தான் அதை நகர்த்துகின்றன. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

புற்றுநோய் பரவியிருக்கிறதா என்று பார்க்கவும், பரவியதை அகற்றவும் அக்குள் கணுக்களை எடுக்கிறார்கள். கரண்ட் வைக்கும்போது மிச்சம் இருக்கும் குழாய்களும் கொஞ்சம் இறுகிப்போகும். வாய்க்கால் அடைபட்ட வயலில் தண்ணீர் தேங்குவது போலக் கையில் நிணநீர் தேங்கும். அதுதான் நிணநீர் வீக்கம், டாக்டர்கள் லிம்ஃபெடிமா என்பார்கள். கணுக்களை மொத்தமாக எடுத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இது வருகிறது. புற்றுநோய் முதலில் போய்ச் சேரும் ஓரிரு கணுக்களை மட்டும் எடுத்துப் பரிசோதிக்கும் முறையும் உண்டு, சென்டினல் கணுப் பரிசோதனை என்று பெயர். அதில் இருபதில் ஒருவர் அளவுக்குக் குறைகிறது. அம்மா விஷயத்தில் அந்த முடிவு எடுத்தாகிவிட்டது. ஆனால் வீட்டில் வேறு யாராவது இனிமேல் ஆபரேஷனுக்குப் போவதாக இருந்தால், "சென்டினல் முறை எனக்கு ஒத்துவருமா?" என்று சர்ஜனிடம் முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள். எல்லோருக்கும் ஒத்துவராது, ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வி.

யானைக்கால் பேச்சை இங்கேயே முடித்துவிடலாம். யானைக்கால் நோய் கொசு மூலம் வரும் ஒரு புழுவால் உண்டாவது. அந்தப் புழுவும் நிணநீர்க் குழாய்களைத்தான் கெடுக்கிறது, அதனால் கடைசியில் பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கலாம். அம்மாவுடையது கொசுவால் வந்ததல்ல, தொற்றாது, அதற்குரிய மாத்திரையும் இதற்கு வேண்டாம். அம்மா தண்ணீர் குடித்த டம்ளரைத் தனியாக வைக்கிறார்களா என்று ஒரு கண் வையுங்கள். நான் அப்படிப்பட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

சரி, முதல் அடையாளங்கள் எவை? கனம், இறுக்கம், ஒரு மாதிரி மதமதப்பு. கண்ணாடி வளையல் முழங்கைப் பக்கம் ஏற்றும்போது முன்பு போல் ஏறாது. ஜாக்கெட்டின் ஒரு கை மட்டும் பிடிக்கும், கழற்றும்போது தையல் தடம் தோலில் பதிந்திருக்கும். மோதிரம் இருந்தால் அதுவும் இறுகும். இந்தக் கட்டத்தில் இரவு படுத்து எழுந்தால் காலையில் சரியாகிவிடும், அதனால்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. அடுத்த கட்டத்தில் வீக்கம் தெரியும், கட்டைவிரலால் பத்து எண்ணும் வரை அழுத்தி எடுத்தால் குழி விழும். அதையும் விட்டுவிட்டால் தேங்கிய நீரைச் சுற்றி நாரும் கொழுப்பும் சேர்ந்து கை கெட்டியாகிவிடும். குழி விழாது, காலையில் வடியவும் வடியாது. அந்த இடத்துக்குப் போய்விட்டால் பழையபடி திருப்புவது கஷ்டம், கட்டுக்குள் வைக்கலாம், அவ்வளவுதான்.

இதில் என் தப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேலைக்கு வந்த புதிதில் ஒரு அம்மா என்னிடம், "வளையல் ஏற மாட்டேங்குது கண்ணு" என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் எட்டு கிலோ ஏறியிருந்தார். உடம்பு போட்டதால் இருக்கும் என்று நானே சொல்லி அனுப்பினேன். உடம்பு போட்டால் இரண்டு கையிலும்தானே வளையல் ஏறாது? அந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தோன்றவில்லை. நான்கு மாதம் கழித்து அவர் வந்தபோது முன்கை தடித்திருந்தது. அன்றிலிருந்து என் மேஜையில் தையல் டேப் இல்லாத நாள் கிடையாது.

அதே டேப் உங்களுக்கும் போதும். இரண்டு கையையும் அளக்க வேண்டும், நான்கு நான்கு இடத்தில்: கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையைச் சுற்றி, மணிக்கட்டில், முழங்கை மடிப்பிலிருந்து 10 செ.மீ. கீழே, அதே மடிப்பிலிருந்து 10 செ.மீ. மேலே. கையை மேஜை மேல் நீட்டி வைத்துக்கொள்ளட்டும். டேப் தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. ஒவ்வொரு தடவையும் ஒரே ஆள், நாளின் அதே நேரத்தில் அளப்பது நல்லது, இல்லாவிட்டால் டேப் பிடிக்கும் கைக்கு ஒரு கணக்கு வரும். தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். வேலை செய்யும் கை இயல்பாகவே கொஞ்சம் பருமனாக இருக்கும். அதனால் ஒரு நாள் அளவை விட மாதா மாதம் அது எப்படி மாறுகிறது என்பதுதான் பேசும். எங்காவது இரண்டு கைக்கும் 2 செ.மீ. வித்தியாசம் வந்தால் கட்டாயம் காட்ட வேண்டும். கனமும் இருந்து, முன்பிருந்ததை விட 1 செ.மீ. கூடியிருந்தாலே நான் வரச் சொல்வேன். உண்மையில் ஆபரேஷனுக்கு முந்தைய நாளே இந்த எட்டு எண்களை எழுதி வைத்திருக்க வேண்டும். பெரும்பாலும் யாரும் செய்வதில்லை, நோயாளிக்குச் சொல்வதும் இல்லை. முதல் வருடம் மாதம் ஒருமுறையும், மூன்று வருடம் முடியும் வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் அளப்பது நான் சொல்லும் வழக்கம். ஏனென்றால் பெரும்பாலானவர்களுக்கு முதல் இரண்டு மூன்று வருடத்துக்குள் வந்துவிடும். பத்துப் பதினைந்து வருடம் கழித்து வந்தவர்களும் இருக்கிறார்கள், அதனால் அப்புறமும் வளையலைக் கவனிக்கிற பழக்கம் போகக் கூடாது.

கை தவிர, மார்பின் பக்கவாட்டிலும் அக்குளுக்குப் பின்னால் முதுகுப் பக்கமும் வீங்கலாம். உள்ளாடையின் பட்டைத் தடம் ஒரு பக்கம் மட்டும் ஆழமாக விழுந்தால் அதுவும் கணக்கில் சேரும்.

எல்லாமே நிணநீர் வீக்கம் என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். ஆபரேஷன் ஆன சில வாரங்களில் அக்குளிலிருந்து முழங்கை வரை, சிலருக்கு மணிக்கட்டு வரை, தோலுக்கடியில் கம்பி போல் ஒன்று இழுத்துப் பிடிக்கும். கையைத் தூக்க முடியாது. அது வேறு விஷயம், மெதுவாக நீட்டிப் பயிற்சி செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் கை திடீரென்று ஒரே நாளில் வீங்கி வலித்தால், நிறம் நீலமாக மாறினால், ரத்தம் உறைந்திருக்குமோ என்று உடனே பார்க்க வேண்டும். புதிய கட்டி தட்டுப்பட்டாலோ, விரல்கள் மரத்துப் பிடிப்பு குறைந்தாலோ, நோய் திரும்பியிருக்கிறதா என்று புற்றுநோய் டாக்டர் பார்க்க வேண்டும். நம் மாவட்டத்தில் மூட்டு வலி என்றாலே புளோரைடு தண்ணீர் மேல் பழி போடுவது வழக்கம். புளோரைடு எலும்பையும் மூட்டையும் பிடிக்கும் என்பது உண்மைதான், ஆனால் அது ஒரு கையை மட்டும் வீங்க வைக்காது.

இப்போது அந்த "எடை தூக்காதீங்க". இந்த ஒரு வரி நம் ஊர்ப் பெண்களுக்குச் செய்த கெடுதல் எனக்குத்தான் தெரியும். கையை மடியில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்துவிடுகிறார்கள். தோள் இறுகும், தசை கரையும், உடம்பு எடை ஏறும். நிணநீருக்குப் பம்ப் கிடையாது என்று மேலே சொன்னது நினைவிருக்கிறதா? தசை அசையாவிட்டால் நிணநீர் நகராது. 2009இல் அமெரிக்காவில் ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். வாரம் இரண்டு முறை, மேற்பார்வையோடு, சிறு எடையில் ஆரம்பித்துப் படிப்படியாகக் கூட்டித் தூக்கியவர்களுக்கு வீக்கம் அதிகமாகவில்லை. தூக்காதவர்களை விட அவர்களுக்கு வீக்கம் சீறி எழுந்ததும் குறைவு, கைப் பலமும் கூடியது. அதில் "படிப்படியாக" என்பதுதான் உயிர். ஒரு வருடம் சும்மா இருந்த கை, திடீரென்று நிறைந்த தக்காளி கிரேட்டைத் தூக்கினால் தாங்காது. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஆரம்பித்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்டி, மறுநாள் கனம் கூடுகிறதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

களி கிண்டலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். அதற்குப் பொத்தாம்பொதுவான பதில் இல்லை. இரண்டு பேருக்குக் கிண்டும் களியும், அறுப்புக்கு வந்த பத்துப் பேருக்குக் கிண்டும் களியும் ஒன்றா? துடுப்பைப் பிடித்து முழுத் தோளோடு அழுத்துவது பலம், மேலே ஆவி அடிப்பது சூடு, இரண்டும் சேர்ந்த வேலை அது. இப்போதைக்குப் பெரிய பானையை வேறு யாராவது கிண்டட்டும். கை தேறிய பிறகு சின்னப் பாத்திரத்தில் ஆரம்பிக்கலாம். களி சாப்பிடுவதற்குத் தடையே இல்லை. இந்த நோய்க்கென்று தனிப் பத்தியம் கிடையாது, தண்ணீரையும் குறைக்க வேண்டாம். உடம்பு எடை மட்டும் ஏறக் கூடாது, ஏறியிருந்தால் குறைக்க வேண்டும்.

ஊசி, பி.பி. பார்ப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2016இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், அந்தக் கையில் ரத்தம் எடுத்ததாலோ பி.பி. பார்த்ததாலோ விமானத்தில் போனதாலோ வீக்கம் கூடியதாகத் தெரியவில்லை. கூட்டியவை வேறு: கணுக்களை மொத்தமாக எடுத்தது, அந்தப் பகுதிக்குக் கரண்ட் வைத்தது, அதிக உடல் எடை, தோலில் கிருமித் தொற்று. எனவே வலது கை இருக்கும்போது ஊசியை வலது கையில் போடச் சொல்லுங்கள், நல்லதுதான். அவசரத்தில் நரம்பு கிடைக்காமல் இடது கையில் போட்டுவிட்டார்கள் என்பதற்காகச் சண்டை போடவோ, ராத்திரி தூங்காமல் இருக்கவோ தேவையில்லை.

நீங்கள் உண்மையில் பயப்பட வேண்டியது அந்தப் பட்டியலின் கடைசியில் உள்ளதற்குத்தான். வடிகால் கெட்ட கையில் கிருமி நுழைந்தால் பிடித்துவைக்கக் காவல் இல்லை. ஒரு கீறல் இரண்டே நாளில் முழங்கை வரை சிவக்கும். ஒவ்வொரு தொற்றும் மிச்சம் இருக்கும் குழாய்களைக் கெடுத்துவிட்டுப் போகும், வீக்கம் கூடும், கூடிய வீக்கத்தில் மறுபடியும் தொற்று வரும். நம் பக்கத்து வேலைகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பங்குனி சித்திரையில் வீட்டுக்கு வீடு புளி தட்டிக் கொட்டை எடுப்பார்கள், அரிவாள்மணையோ கத்தியோ விரலில் படாத நாள் இருக்காது. ஓசூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டத்து முள். மாங்காய் சீசனில் காம்பு ஒடித்தால் பீய்ச்சும் பால் தோலில் பட்டு வெந்துபோகும். தக்காளிக்குக் கொம்பு நட்டுக் கயிறு கட்டும்போது சிராய்ப்பு. பூச்சி மருந்து. அடுப்புச் சூடு. நகச்சுத்தி. இந்த வேலைகளை விடுங்கள் என்று நான் சொன்னால் யார் கேட்பார்கள், வீட்டுப் பிழைப்பே அதுதான். அதனால் சொல்வது: முழுக்கை சட்டை, ரப்பர் அல்லது துணிக் கையுறை. கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு அக்கா மகனின் பழைய பள்ளிச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் தோட்டத்துக்குப் போகிறார், அருமையான யோசனை. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். தோல் வறண்டு வெடிக்காமல் இருக்கத்தான் அது. நகத்தை ஒட்ட வெட்ட வேண்டாம். சர்க்கரை நோய் இருந்தால் அது கட்டுக்குள் இருக்க வேண்டும். கீறல் பட்டால் மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம், கழுவி ஆன்டிசெப்டிக் மருந்து போடுங்கள்.

சிவந்து, தொட்டால் சுட்டு, குளிர் காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே டாக்டர், அன்றைக்கே ஆன்டிபயாட்டிக். கொடுத்த நாளுக்கு முழுவதும் சாப்பிட வேண்டும்.

சூட்டு ஒத்தடம் வேண்டாம். நொச்சி, ஆமணக்கு இலையைச் சூடாக வைத்துக் கட்டுவதும் அதில் சேர்ந்ததுதான். சூடு பட்டால் ரத்த ஓட்டம் கூடி இன்னும் நீர் கசியும். சுளுக்கு எடுப்பது போல அழுத்தி உருவுவதும் கூடாது. ஒகேனக்கல் போனால் எண்ணெய் மசாஜ் பண்ணாமல் வருவதில்லை என்பவர்களுக்கு: மற்ற உடம்புக்கு எப்படியோ, அந்தக் கையை மட்டும் அவர்களிடம் கொடுக்காதீர்கள். நிணநீரை நகர்த்தும் மசாஜ் என்று ஒன்று உண்டு. அது தோலை மட்டும் மெல்ல நகர்த்தும் அளவுக்கு லேசானது, எண்ணெய் இல்லாதது, கழுத்திலிருந்தும் மறு அக்குளிலிருந்தும் ஆரம்பிப்பது. முதல் தடவை பார்ப்பவர்கள் "இதுக்கா காசு?" என்று சிரிப்பார்கள். இன்னொன்று, நீர் பிரியும் மாத்திரை. மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அது இந்த வீக்கத்தை வடிக்காது, ஏனென்றால் இங்கே பிரச்சினை உடம்பில் நீர் அதிகமானது இல்லை, வடிகால் போனது.

பரிசோதனையில் வீக்கம் ஆரம்பித்திருப்பது உறுதியானால், ஆரம்ப நிலையில் அளவெடுத்த கம்ப்ரெஷன் ஸ்லீவும் (கையை அழுத்திப் பிடிக்கும் இறுக்கமான உறை) பயிற்சியுமே பலருக்குப் போதும். கூடுதலாக இருந்தால் இரண்டு முதல் நான்கு வாரம் தினமும் அடுக்கடுக்காகக் கட்டுப் போட்டு வடித்துவிட்டு, அப்புறம் ஸ்லீவ் போட வேண்டும். கடையில் க்ரேப் பேண்டேஜ் வாங்கி நீங்களே சுற்றாதீர்கள், ஒரு இடத்தில் இறுகினால் அதற்குக் கீழே வீங்கும். ஸ்லீவும் அப்படித்தான், பக்கத்து ஊர் அத்தையின் ஸ்லீவ் அம்மாவுக்கு ஆகாது. சிலருக்கு ஸ்லீவ் மட்டும் போட்டால் நீர் புறங்கைக்கு இறங்கும், அவர்களுக்குக் கையுறையும் சேர்த்து வேண்டும். காலையில் எழுந்ததும் போட்டு, படுக்கும்போது கழற்ற வேண்டும். ஆறு மாதத்தில் இழுவை போய்விடும், மாற்ற வேண்டியிருக்கும். சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு இருப்பது கொடுமைதான், மறுக்கவில்லை. துவைத்து மாற்ற இரண்டு இருந்தால் வியர்வைப் புண் வராது.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஆபரேஷனோ கரண்டோ வைத்த பெண்களுக்குக் காலில் இதே வீக்கம் வரலாம். அவர்கள் கால் விரல் இடுக்கைத் தினமும் பார்க்க வேண்டும், சேற்றுப்புண் வழியாகத்தான் கிருமி நுழையும். இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கினால் இதயமா சிறுநீரகமா என்று முதலில் பாருங்கள்.

எங்கே காட்டுவது? முதலில் ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போன் செய்து அடுத்த தேதியை முன்னால் போடச் சொல்லுங்கள். அதற்குள் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிசியோதெரபி பிரிவைக் கேட்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கியதே நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் அதில் அடக்கம். வருகிறவர்கள் எல்லோரும் லிம்ஃபெடிமா கட்டுப் போடப் பழகியவர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பி.பி. மாத்திரை கொடுக்க வரும் அந்த அக்காவிடம் சொல்லி வைத்தால், தோள் பயிற்சிக்கும் மாதா மாதம் டேப் பிடிக்கவும் ஆள் கிடைப்பார்கள். நீங்கள் ஓசூரில் இருந்துகொண்டு தினமும் பார்க்க முடியாதல்லவா.

பெங்களூருக்கு பஸ்ஸில் போகும்போது அந்தக் கையில் பை மாட்ட வேண்டாம். கையைத் தொங்க விடாமல் மடியில் ஒரு துணி மூட்டை வைத்து அதன் மேல் வைத்துக்கொண்டு, அவ்வப்போது விரல்களை மூடி மூடித் திறக்கட்டும், வயிறு நிறைய நாலு மூச்சு இழுத்து விடட்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகும்போது தையல் டேப் ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள். காலையில் எழுந்ததும் ஒருமுறை, மாலை ஆறு மணிக்கு ஒருமுறை அளந்து எழுதுங்கள். அம்மா கை கனக்கிறது என்று சொன்னால் எந்த நேரத்தில், என்ன வேலைக்குப் பிறகு என்று அவர் வார்த்தையிலேயே பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளும், ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரியும் கையில் இருக்கட்டும். எத்தனை கணுக்கள் எடுத்தார்கள் என்பது பயாப்சி ரிப்போர்ட்டில் இருக்கும், அதையும் மறக்காதீர்கள்.